திருப்பிக் கொடுத்த பன்னிரண்டு டப்பா

என் மகளின் கல்யாணத்தை நிறுத்தியவன் நான்தான். கோபத்தில் கத்தி நிறுத்தியிருந்தால்கூட மனம் ஒரு வழியாக ஆறியிருக்கும். நான் நிறுத்தியது வேட்டி சட்டையில், நெற்றியில் திருநீற்றோடு, சிரித்த முகமாகக் கைகூப்பிக்கொண்டு. அன்றைக்குப் பகல் முழுக்க என்னவோ பெரிய காரியம் செய்துவிட்டவன் மாதிரி வீட்டுக்குள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். சாப்பாடுகூட இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

முப்பது வருடம் பஸ் ஓட்டியவன் நான். ஜொகூர் பாருவில் தொழிற்சாலை ஆட்களை ஏற்றி, பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரில் இறக்கி, சாயந்திரம் திரும்ப அழைத்து வருவது வேலை. என் பஸ்ஸில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள். தமிழ், மலாய், பிழைப்புக்கு வேண்டிய ஆங்கிலம், சீனர்கள் பேசும் தியோச்சியூ கொஞ்சம், ஹொக்கியன் அதைவிடக் கொஞ்சம் என்று வாயில் ஐந்து மொழி வைத்திருந்தேன். சந்தையில் மீன்காரரிடம் தியோச்சியூவில் விலை பேசினால் அவர் சிரித்துக்கொண்டே ஒரு வெள்ளி குறைப்பார். அந்த ஒரு வெள்ளியில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. சீனர்களைப் பற்றி எது வேண்டுமானாலும் என்னிடம் கேளுங்கள் என்று சொல்லித் திரிந்தேன்.

அதனால் என் மகள் ஒரு சீனப் பையனை விரும்புவதாக வந்து நின்றபோது, பெரிய மனதுக்காரனாக நடந்துகொள்ள எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. இருவரும் கல்லூரியில் ஒன்றாகப் படித்து, ஆறு வருடம் பழகியவர்கள். பையன் நல்ல பையன். எங்கள் வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இலையில் சாப்பிடுவான், ரசத்துக்கு வேர்த்துக் கொட்டினாலும் இன்னொரு கரண்டி கேட்பான். அப்பா இல்லாதவன். அவன் அம்மா காலைக் கடையில் கஞ்சி விற்று அவனைப் படிக்க வைத்தவர். என் மகளுக்கு இருமல் என்று கேள்விப்பட்டால் பேரிக்காயை வேகவைத்துச் சூடு ஆறாமல் கொடுத்தனுப்புவார். அவருடைய கணவரின் அண்ணன் குடும்பத்துக்கு இந்தச் சம்பந்தத்தில் துளியும் விருப்பமில்லை என்பதும், ஒரு வருடம் தனியாளாக நின்று அவர்களைச் சம்மதிக்க வைத்தது அந்த அம்மாதான் என்பதும் எனக்கு அப்போதே தெரியும்.

என் மனைவிக்கும் மகிழ்ச்சிதான். ஊதுபத்தி கொளுத்திச் சாமி கும்பிடுகிறவர்கள்தானே என்றாள். பேசப் பேச எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது. அவர்களும் நாள் பார்க்கிறார்கள், நாமும் பார்க்கிறோம். அவர்களுக்கும் சிவப்பு மங்கலம், நமக்கும் குங்குமம். பெரியவர்கள் வந்து பெண் கேட்கவேண்டும், தட்டில் பழம் வேண்டும், தங்கம் வேண்டும், இனிப்பு வேண்டும். பெண் கேட்டு வர அவர்கள் பஞ்சாங்கமும் நம்முடையதும் ஒரே ஞாயிற்றுக்கிழமைக் காலையைச் சொன்னபோது எங்களுக்கெல்லாம் புல்லரித்துப்போனது.

வித்தியாசம் என்று கண்ணில் பட்டதைப் பேசித் தீர்த்தோம். நாங்கள் தட்டை ஒற்றைப்படையில் வைப்போம், அவர்களுக்கு எல்லாம் ஜோடியாக வரவேண்டும். அவரவர் கொண்டுவருவதை அவரவர் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும் என்று என் மகள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அவர்கள் வழக்கமாகக் கொண்டுவரும் பன்றியை நமக்காக விட்டுவிட்டார்கள். நாங்கள் மல்லிகையோடு ரோஜாவையும் சேர்த்தோம், வெள்ளைப் பூ அவர்கள் கண்ணுக்குத் துக்கமாகத் தெரியுமாம். இவ்வளவையும் பேசி முடித்தவர்களுக்கு இனி என்ன பாக்கி இருக்கப்போகிறது என்று இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் வந்தார்கள். பையன், அவன் அம்மா, பெரியப்பா, பெரியம்மா, ஒரு அத்தை. எங்கள் பக்கம் நான், என் மனைவி, மைத்துனர், என் அக்கா. சிவப்புத் துணி விரித்த மேசையில் அவர்கள் கொண்டுவந்ததை அடுக்கினார்கள். சிவப்புத் தாள் ஒட்டிய பன்னிரண்டு பிஸ்கட் டப்பா, ஜோடி ஜோடியாக ஆரஞ்சு, இரண்டு மெழுகுவர்த்தி, பணம் வைத்துத் தடித்த சிவப்பு உறை, அங்பாவ் ஒன்று. கடைசியாக அந்த அம்மா தன் கைப்பையிலிருந்து ஒரு வெல்வெட் பெட்டியை எடுத்துத் திறந்து வைத்தார். சங்கிலி, வளையல், தோடு, மோதிரம் என்று நான்கு நகை. பழைய தங்கம், புதுசுபோல மெருகேற்றியிருந்தார்கள்.

அங்பாவையும் நகையையும் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. காரணம் எதிரே உட்கார்ந்திருந்த என் அக்கா. நாங்கள் லாயாங் லாயாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அக்கா கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் மோட்டார் சைக்கிள் வந்தால்தான் மணவறைக்கு வருவோம் என்று கோயில் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். எங்கள் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர்கள் முன்னால் நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. என் வீட்டில் கல்யாணம் என்றால் கொடுக்கல் வாங்கல் என்ற பேச்சே இருக்கக்கூடாது என்று அப்போதே நினைத்துவிட்டேன். கேட்கவும் மாட்டேன், வாங்கவும் மாட்டேன். பெண்ணுக்குக் காசு வாங்கினால் அது விற்றது மாதிரி. நகையை மாப்பிள்ளை வீட்டில் வாங்கினால், பெற்றவனுக்குப் போட வக்கில்லை என்று அர்த்தம். இப்படித்தான் என் மண்டையில் இருந்தது.

நான் எழுந்து, முதல்நாளே மனதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை மலாயில் சொன்னேன். நாங்கள் பெண்ணைக் கொடுக்கிறோம், விற்கவில்லை. உங்கள் மகன் கிடைத்ததே எங்களுக்குப் போதும். இதெல்லாம் எதுவுமே வேண்டாம், தயவுசெய்து எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். கேட்கக் கேட்க எனக்கே என் பேச்சு பிடித்திருந்தது. பிறகு ஒவ்வொன்றாக அவர்கள் பக்கம் நகர்த்தி வைக்க ஆரம்பித்தேன்.

என் மனைவி பக்கத்தில் வந்து காதோடு சொன்னாள். “என்னங்க, பிஸ்கெட்டு டப்பா ஒன்னாவது இருக்கட்டுமே. ஆசையா கொண்டாந்திருக்காங்க.”

“பொறுக்கி எடுத்தா நல்லாவா இருக்கும்? எல்லாத்தையும் அந்தப் பக்கம் வை” என்றேன்.

வைத்தாள். பன்னிரண்டு டப்பாவும், ஆரஞ்சும், மெழுகுவர்த்தியும், அங்பாவும் மேசையின் அந்தப் பக்கம் போய்விட்டன. வெல்வெட் பெட்டியை நானே இரண்டு கையாலும் எடுத்து அந்த அம்மாவின் கையில் கொடுத்தேன். மரியாதையாகக் கொடுக்கிறேனாம்.

அவர் சிரித்தார். “தா ஆப்பா, தா ஆப்பா” என்றார். பரவாயில்லை என்பதற்கு மலாய். பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பெரியப்பா வாசலில் கழற்றிய செருப்புகளைப் பார்த்தபடி இருந்தார். பையன் ஒன்றும் விளங்காமல் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான். கொடுத்த தேநீரைக் குடித்தார்கள், கேசரியில் பாதியைச் சாப்பிட்டார்கள். என் மகளை உள்ளேயிருந்து அழைத்து வந்தபோது அந்த அம்மா எழுந்து அவள் கன்னத்தைத் தொட்டார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. ஆசீர்வாதம் என்று நினைத்துக்கொண்டு என் அக்காவைப் பார்த்தேன், அவள் கண்ணும் கலங்கியிருந்தது. அப்பா பட்ட அவமானத்தை நான் துடைத்துவிட்டேன் என்று அந்த நிமிஷம் நம்பினேன்.

மூன்று வாரம் அவர்களிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. கல்யாண நாள் குறிப்பது மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு என்று நான் காத்திருந்தேன். நான்காவது வாரம் வேலை முடிந்து வந்த மகள் பையைக்கூட இறக்காமல் என் எதிரே நின்று விஷயத்தைச் சொன்னாள். பையனுக்கே அன்று திரும்பிப் போகும்போது காரில் வைத்துத்தான் தெரிந்ததாம். வீட்டில் பேசிச் சரிசெய்துவிடலாம் என்று அவளிடம்கூட இத்தனை நாள் சொல்லவில்லையாம். அவர்கள் வழக்கத்தில், கொண்டுவந்த சீரில் பாதியை எடுத்துக்கொண்டு பாதியைத் திருப்பிக் கொடுத்தால் சம்மதம். ஒன்றையும் தொடாமல் முழுசாகத் திருப்பிக் கொடுத்தால், உன் பிள்ளை வேண்டாம், சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம். அதை நான் அந்த அம்மாவின் கணவருடைய அண்ணன் முன்னால் செய்திருக்கிறேன். அந்த நான்கு நகை அவருக்கு அவருடைய மாமியார் போட்டது. வீட்டுக்கு வரும் மருமகளுக்குத் தலைக்கு மேலே ஒரு கூரை இருக்கிறது என்று சொல்லி, கூரையின் நான்கு மூலைக்கு நான்காகக் கொடுப்பது அவர்கள் வழக்கம். கணவர் போன பிறகு கஷ்டப்பட்ட காலத்தில்கூட அதை அவர் அடகு வைக்கவில்லையாம். என் மகள் இதைச் சொல்லும்போது அழவில்லை. தீர்த்துவிடக்கூடிய விஷயம் என்றுதான் அவளும் நினைத்தாள்.

நான் நம்பவில்லை. மறுநாள் எங்கள் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த சீனரிடம் கேட்டேன். இருபது வருடம் ஒன்றாக மதியச் சாப்பாடு சாப்பிட்ட கூட்டாளி. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு “அலமாக்” என்று தலையில் கை வைத்தார். ஒரு டப்பா, ஒரே ஒரு டப்பா எடுத்திருக்கக்கூடாதா என்று கேட்டார். இதை ஏன் இத்தனை வருடத்தில் ஒருநாளும் சொல்லவில்லை என்று அவரிடம் எரிந்து விழுந்தேன். நீ ஏன் கேட்கவில்லை என்றார். அவர் மகள் கல்யாணத்துக்கு நான் போயிருக்கிறேன். பத்து வகை சாப்பாடு சாப்பிட்டு, மேடையில் கைகுலுக்கிவிட்டு வந்தேன். என் அண்ணன் மகன் கல்யாணத்துக்கு அவர் வந்தார், முகூர்த்தமெல்லாம் முடிந்து பந்தி போடும் நேரத்துக்கு. இந்த நாட்டில் நாங்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டே காலத்தைக் கழித்திருக்கிறோம். சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

பையன் தன் அம்மாவிடம் எங்களுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறான். பெரியப்பா வீட்டில் அதை ஏற்கவில்லை. இத்தனை காலம் இதே ஊரில் இருக்கிறார்கள், இதுகூடவா தெரியாது என்று கேட்டார்களாம். என் மகள் இதைச் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் பெண்ணை விற்கிறவர்கள் இல்லை என்று இதே ஊரில் இருக்கும் அவர்களுக்குத் தெரியாதா என்று நானும் அதையே திருப்பிக் கேட்டேன்.

அந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். நானும் என் மனைவியும் அவர் வீட்டுக்குப் போய், பெரியப்பா முன்னிலையில், அந்த வெல்வெட் பெட்டியைக் கையால் வாங்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். தானே எடுத்துக்கொண்டு மறுபடி எங்கள் வீட்டுக்கு வர அவருக்கு இனி வழியில்லை. மறுத்தவன்தான் வரவேண்டும்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நின்று நகையைக் கேட்டு வாங்கிவருவதா? எனக்கு எங்கள் அப்பாவின் துண்டுதான் கண்ணில் நின்றது. அவர்கள் வரட்டும், பேசலாம் என்றேன்.

“அப்பா, ஒரு பத்து நிமிசம். வாங்கிட்டு வந்து அலமாரில வச்சிருங்க. நீங்க அத தொடக்கூட வேணாம்” என்றாள் மகள்.

“பொண்ணப் பெத்தவன் போய் கை நீட்டணுமாம்மா?” என்றேன்.

அக்கா கோத்தா திங்கியிலிருந்து பஸ் ஏறி இதற்காகவே வந்தாள். எப்போதும் என்னிடம் குரலை உயர்த்தாதவள். “தம்பி, என் கல்யாணத்துல நடந்ததுக்கு நீ இவ கல்யாணத்துல கோவப்படாத. நான் பொழச்சிக்கிட்டேன். இவள விட்டுறாத” என்றாள். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. போகவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அதன் பிறகு என் மகளும் அந்தப் பையனும் எங்களுக்காகச் சண்டை போட ஆரம்பித்தார்கள். ஆறு வருடம் தங்களுக்குள் ஒரு மனத்தாங்கலும் இல்லாமல் இருந்தவர்கள். ஒரு சனிக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் நின்று அவள் போனில் பேசியது வீட்டுக்குள் கேட்டது. எங்கள் அப்பா என்ன பிச்சை எடுக்கவேண்டுமா என்று கேட்டாள். அது என் பேச்சு. அந்தப் பக்கம் அவன் தன் அம்மாவின் பேச்சைப் பேசியிருப்பான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. என் பிள்ளை என்னை விட்டுக்கொடுக்கவில்லை என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஐந்து மாதம் கழித்து, அவளை வேலைக்குக் கொண்டுபோய் விடும் வழியில் காரில், ரேடியோவைக் குறைத்துவிட்டு மகள் சொன்னாள். “முடிஞ்சிருச்சிப்பா. நீங்க இனிமே எங்கயும் போவ வேணாம்.”

நான் போனேன். வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் போனேன். மனைவியை அழைத்துக்கொண்டு, பழக்கடையில் ஒரு கூடை ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கி, இரட்டைப்படையாக இருக்கிறதா என்று இரண்டு தடவை எண்ணிப் பார்த்து எடுத்துப் போனேன். அந்த அம்மா கதவைத் திறந்தார். ஆள் இளைத்திருந்தார். உட்காரவைத்து, பம்ளிமாஸை உரித்துச் சுளை சுளையாகத் தட்டில் வைத்தார். எனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் மன்னிப்புக் கேட்டேன். மலாயில் ஆரம்பித்துத் தியோச்சியூவுக்குப் போய், பாதியில் வார்த்தை தீர்ந்து, கடைசியில் தமிழில் பேசிக்கொண்டிருந்தேன். அவருக்கு விளங்கத்தான் செய்தது.

மகன் மெல்பர்னில் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்றார். பிறகு மெதுவாக, சின்னச் சின்ன மலாய் வாக்கியமாகச் சொன்னார். எங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்பது அவருக்கு முதல் வாரமே தெரியும். மகன் சொன்னதை அவர் அன்றைக்கே நம்பிவிட்டார். ஆனால் அவர் நம்பி என்ன பிரயோஜனம், அவர் வீட்டுப் பெரியவர்கள் கண்ணால் பார்க்கவேண்டுமே. தினமும் கடையை மூடிவிட்டு வந்து, சாயந்திரம் நாங்கள் வருவோம் என்று தேநீருக்குத் தண்ணீர் வைத்திருக்கிறார். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. இப்போது நாம் இரண்டு பேரும் பேசி என்ன, பிள்ளைகள் பேசி முடித்துவிட்டார்களே என்றார்.

புறப்படும்போது அவர் எங்கள் பழக்கூடையை உள்ளே எடுத்துப் போனார். திரும்பி வந்தபோது கூடையில் பாதிப் பழம் இருந்தது. பாதியை எடுத்துக்கொண்டு பாதியை எங்களிடம் கொடுத்தார். இப்படிப் பாதியைத் திருப்பிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும், ஒரு நிமிஷம். காரில் என் மனைவி அந்தக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வீடு வரும்வரை அழுதாள். நான் ஆறுதல் சொல்லவில்லை, எனக்கு அந்த யோக்கியதை இல்லை.

என் மகள் இப்போது சிங்கப்பூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். பாலத்துக்கு அந்தப் பக்கம்தான், என் வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் அங்கிருக்கும் கட்டடங்கள் தெரியும். வருடத்துக்கு இரண்டு தடவை வருகிறாள். பேசுகிறாள், சாப்பிடுகிறாள், கோபமே படுவதில்லை. மாப்பிள்ளை பார்க்கட்டுமா என்று அவள் அம்மா கேட்டால் வேண்டாம்மா என்கிறாள். முன்பெல்லாம் என்னோடு வாதாடுவாள், இப்போது நான் எது சொன்னாலும் சரிப்பா என்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன தீபாவளிக்கு வந்தவள் திரும்பிப் போகும்போது, கூட வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்கட்டும் என்று அவள் அம்மா முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை மூன்றையும் டப்பா டப்பாவாகப் போட்டுப் பையில் வைத்தாள். நான்தான் காரில் கொண்டுபோய் பஸ் நிலையத்தில் விட்டேன். வீட்டுக்கு வந்தால் அடுப்படி மேசையில் மூன்று டப்பாவும் வரிசையாக இருந்தன. பையையும் மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தாள். போன் செய்தேன்.

“மறந்துட்டியாம்மா?”

“மறக்கலப்பா. அங்க யாரு சாப்பிடப்போறா? நீங்களே வச்சிக்கிங்க.”

“ஒரு டப்பாவாவது எடுத்துட்டுப் போயிருக்கலாமேம்மா.”

அவளுக்குப் பின்னால் குடிநுழைவுச் சோதனை வரிசையில் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது.

“தா ஆப்பா, அப்பா” என்றாள்.

பிறகு அவள் முறை வந்துவிட்டது, போனை வைத்துவிட்டாள். நான் மேசை முன்னால் உட்கார்ந்து அந்த மூன்று டப்பாவையும் திறந்து பார்த்தேன். அவள் ஒன்றிலிருந்தும் ஒரு முறுக்குக்கூட எடுத்திருக்கவில்லை.